கீழ்க்கூடத்தின் வாடகை

அப்பா கேட்டு, அம்மா "சரி" என்று ஒற்றை வார்த்தையில் சொல்லி ஒரு மாதம் ஓடிவிட்டது. விவாகரத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் வாழ்ந்த அந்த இருவரும் வருகிற வியாழக்கிழமை பதிவாளர் முன்னால் உட்கார்ந்து, மறுபடியும் கையெழுத்துப் போட்டு, மறுபடியும் புருஷன் பெண்டாட்டி ஆகப்போகிறார்கள். பெற்றவர்கள் கல்யாணத்துக்குச் செலவுக் கணக்குப் போடும் வேலை மூத்தவள் தலையில் விழுந்தது. இப்படியொரு வேலை எந்த மகளுக்கும் வாய்க்காது என்று அவளே சொல்லிச் சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அப்பாவின் நுரையீரல் வருடக் கடைசியைத் தாண்டாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். பேருந்துப் பணிமனையில் காலமெல்லாம் எஞ்சினைப் பிரித்து மாட்டிய மனிதருக்கு ஓய்வூதியம் ஒன்றுதான் மிச்சம். அவர் கண்ணை மூடினால் அதில் பாதி மனைவிக்குப் போகும். மனைவி என்று யாரும் இல்லையென்றால் அத்தோடு சரி.

"உங்கம்மாவுக்கு விட்டுட்டுப் போக என்கிட்ட வேற என்ன இருக்கு?" என்று அவர் மூத்தவளிடம் கேட்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, தான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அப்பாவின் அறைக்குப் போனாள். டயர்க் கடைக்குப் பின்னால் ஒட்டுப்போட்டது போல இருந்த ஒற்றை அறை. போர்வையிலிருந்து தம்ளர் வரைக்கும் ரப்பர் வாசனை. அப்பா முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளை மாதிரி தலையைப் படிய வாரி, தயாராக உட்கார்ந்திருந்தார்.

"எழுதிக்கோ. முதல்ல போட்டோ."

"போட்டோவுக்கு எதுக்குப்பா தனியா ஆள்? என் போன்லயே எடுத்துடலாம்."

"போன்ல எடுத்தா போன்லயேதான் கிடக்கும். எனக்குச் சட்டம் போட்டு மாட்டற மாதிரி வேணும். போன தடவைதான் ஒரு போட்டோவும் இல்லாமப் போச்சு. எடுக்க வந்தவன் பிலிமே போடாம வந்துட்டான்."

"அம்மா இதைச் சொன்னதே இல்லையே."

"அவ எப்படி என்னைக் காட்டிக்குடுப்பா. அவனைக் கூட்டிட்டு வந்தவனே நான்தானே."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அவரை முன்னுக்குத் தள்ளியது. மூத்தவள் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். சட்டைக்குள் தோள்பட்டை எலும்பு கையில் குத்தியது. மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்தது மோதிரம்," என்றார், ஒன்றும் நடக்காதது போல. "வெள்ளியில போதும். அளவு எனக்குத் தெரியும்."

"அந்த அளவு இப்போ ஏறாதுப்பா. அம்மா விரலெல்லாம் வீங்கிக் கிடக்கு. நாள் முழுக்கச் சோப்புத் தண்ணியில ஊறற கை."

அப்பா தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்போ அளந்துட்டு வா. அவளுக்குத் தெரியாம அள," என்றார்.

மூத்தவள் போனில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனாள். பதிவுக் கட்டணம், போட்டோ, மோதிரம், ஒரு பூங்கொத்து, போக வர வாடகை வண்டி, எட்டு பேருக்கு மதியச் சாப்பாடு. கோட்டுக்கு மட்டும் செலவில்லை. டயர்க் கடைக்காரர் தன்னுடையதைத் தருகிறாராம்.

"அவர் கோட்டுக்குள்ள நீங்க ரெண்டு பேர் போகலாமேப்பா."

"பின்னால ஊசி குத்தி இழுத்துப் பிடிச்சா போச்சு. போட்டோ முன்னாலதானே எடுப்பான்."

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். மோட்டார் சைக்கிளை விற்ற பணம். "இதுக்குள்ள முடிச்சுடு. பிசினாறித்தனம் பண்ணாதே. உங்கம்மா ஒவ்வொண்ணையும் வேணாம்பா. காதுல போட்டுக்காதே."

சொன்னது போலத்தான் அம்மாவும் நடந்துகொண்டிருந்தாள். முந்தின வாரம் பேச்செடுத்தபோதே எல்லாவற்றையும் அடித்துவிட்டாள். பூ வேண்டாம், மோதிரம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விடுகிறேன் என்றாள். ஒருத்தருக்கு அது கல்யாணம், இன்னொருத்தருக்கு அது பேங்கில் போய்க் கையெழுத்துப் போடுகிற காரியம். நடுவில் மூத்தவள் இடிபட்டாள்.

தம்பியின் பேச்சை அப்பாவும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அவன் வேறு ஊரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். அம்மாவுக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்புவான். அப்பாவின் பெயர் போனில் வந்தால் எடுக்க மாட்டான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு மழை நாளில் அப்பா குடித்துவிட்டு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வாசலில் நின்று தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோனார்கள். அதில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய அம்மா பிள்ளைகளோடு நேராக வேறு வீட்டுக்குப் போனாள். அப்பா அதன்பிறகு குடியை விட்டார். விட்டுவிட்டேன் என்று சொல்ல வீட்டில்தான் யாரும் இல்லை.

அங்கிருந்து அவள் போனபோது பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம் குறைவாக இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாளின் மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் மூத்தவள் அதை வாங்கி நிமிர்த்திக் கொடுத்திருப்பாள்.

"வியாழக்கிழமை பதினொரு மணி, ரெண்டு பேர். ஆட்சேபம் எதுவும் வரல," என்று அந்த அம்மாள் படித்தாள். "ரூம் எதுன்னு இன்னும் சொல்லலையே. மேல் மாடின்னா கட்டணத்துலயே அடங்கிடும். கீழ்க்கூடம்னா வாடகை தனி."

"மேல போக லிஃப்ட் இருக்குங்களா?"

"இருக்கு. ஓடாது."

மூத்தவள் படிக்கட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். குறுகலான படி, நடுவில் ஒரு திருப்பம், பிடித்துக்கொள்ளக் கம்பி ஒரு பக்கம் மட்டும். அப்பா தன் அறையிலிருந்து டயர்க் கடை வாசலுக்கு வருவதற்குள்ளேயே இரண்டு தடவை நிற்கிறார். கீழ்க்கூடத்தின் வாடகையைக் கேட்டாள். அதைக் கேட்டதும் காலையிலிருந்து தட்டிய கணக்கு மொத்தமும் குப்புற விழுந்தது. மற்ற எல்லாச் செலவையும் சேர்த்தாலும் அந்த வாடகைக்கு எட்டாது.

வெளியே வந்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

"மேல் மாடியே போதும்," என்றாள் அம்மா.

"அப்பாவால ஏற முடியாதும்மா."

"நாற்காலியில உக்கார வெச்சுத் தூக்கிட்டு வரட்டும். டயர்க் கடையில ஆள் இருக்குல்ல."

"மாப்பிள்ளையைத் தூக்கிட்டா?"

அந்தப் பக்கம் அம்மாவின் வேலையிடத்தில் சலவை இயந்திரங்கள் உருண்டன. "கீழ எவ்வளவு கேக்கறாங்க?" என்றாள் அம்மா. மூத்தவள் சொன்னாள். "மேலயே போடு," என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டாள்.

மேசை அம்மாளிடம் முடிவு சொல்லச் சாயங்காலம் வரை அவகாசம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு, மூத்தவள் அதே தெருவின் கோடியில் இருந்த ஓய்வூதிய அலுவலகத்துக்கு நடந்தாள். கல்யாணம் முடிந்த கையோடு என்னென்ன காகிதம் கொடுக்க வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டால் அப்புறம் அலைச்சல் மிச்சமாகும் என்பது அவள் எண்ணம். அந்த யோசனை தனக்கு ஏன் ஒரு மாதம் முன்னால் வரவில்லை என்று பிற்பாடு பல தடவை தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அங்கே இருந்தவர் வயதானவர், பொறுமைசாலி. அப்பாவின் பணி எண்ணைக் கேட்டு வாங்கித் தட்டினார்.

"கல்யாணம் எப்போம்மா?"

"நாளை மறுநாள்."

"நல்லதும்மா. உங்கப்பா உடம்பு எப்படி?"

மூத்தவள் மறைக்காமல் சொன்னாள். அவர் தட்டுவதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கல்யாணம் ஆகி ஒரு வருஷம் முடிஞ்சிருக்கணும்மா. அதுக்கு முன்னாடி அவர் போயிட்டா, மனைவிக்கு வராது."

"அவங்க முன்னாடியே சேர்ந்து வாழ்ந்தவங்க சார். ரெண்டு பிள்ளைங்க. நான்தான் மூத்தவ."

"அது விவாகரத்தோட முடிஞ்சுது. இனிமே முதல்லேருந்துதான் எண்ணணும்."

"இப்படி உடம்பு முடியாதவங்களுக்கு ஏதாவது விலக்கு..."

"இந்த விதியே அவங்களுக்காகப் போட்டதுதான்மா," என்றார் அவர் தயங்கி. "சாகற நேரத்துல யார் வேணும்னாலும் வந்து கையெழுத்துப் போட்டுடக் கூடாதுன்னு."

அவள் நன்றி சொன்னாள். எதற்கு நன்றி சொன்னோம் என்று வாசலுக்கு வந்த பிறகுதான் யோசித்தாள். காலையில் தட்டி வைத்த கணக்கு கையில் இருந்த போனில் அப்படியே இருந்தது. எதற்காக இத்தனையும் என்பது மட்டும் இல்லாமல் போயிருந்தது.

அம்மா வேலை பார்க்கும் சலவைக்கூடம் ஒரு பெரிய தங்கும் விடுதியின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. நீராவியில் சுவரெல்லாம் வியர்த்துக் கிடக்கும். அம்மாவோடு ஜோடி சேர்ந்து விரிப்பு மடிப்பவள் சாப்பிடப் போயிருந்தாள். மகளைப் பார்த்ததும் அம்மா ஆச்சரியப்படவில்லை. ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை அவள் பக்கம் நீட்டினாள்.

"வந்ததுதான் வந்தே. பிடி."

இருவரும் விரிப்பை இழுத்துப் பிடித்தார்கள். சுருக்கம் போக ஒரு உதறு. பாதியாக மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, முனையோடு முனை சேர்த்தார்கள். அம்மா வாங்கி அடுக்கினாள். அடுத்ததை எடுத்தாள்.

"பென்ஷன் ஆபீஸுக்குப் போயிட்டு வரேன்மா," என்றாள் மூத்தவள்.

"ம்."

"ஒரு வருஷம் ஆகணுமாம். அதுக்குள்ள அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா உனக்கு ஒண்ணும் வராதாம்."

அம்மா விரிப்பை உதறினாள். "தெரியும்."

மூத்தவளின் கையிலிருந்த முனை நழுவியது.

"கீழ விடாதே, மறுபடி துவைக்கணும்," என்றாள் அம்மா. "அவர் வந்து கேட்ட மறுநாளே போய் விசாரிச்சுட்டேன். காசு விஷயத்துல வாய் வார்த்தையை நம்பறதுக்கு நான் என்ன கிறுக்கா?"

"தெரிஞ்சுமா சரின்னே?"

இரண்டு விரிப்புகள் மடித்தார்கள்.

"சொல்லிடலாம்னுதான் கிளம்பிப் போனேன்," என்றாள் அம்மா. "போய்ப் பார்த்தா மனுஷன் சவரம் பண்ணிட்டு உக்காந்திருக்கார். எத்தனையோ மாசம் கழிச்சு. டயர்க்காரர்கிட்ட கோட் கேக்கறார், வண்டி கேக்கறார். நான் சொல்லிட்டா என்ன ஆகும்? அப்போ கல்யாணமே வேணாம்பார். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துப்பார். அவ்வளவுதான்."

"அப்போ நீ அவரை மன்னிச்சுட்டியாம்மா?"

"யார் சொன்னா?" அம்மாவின் குரல் சட்டென்று தடித்தது. "கதவைச் சாத்தினது சாத்தினதுதான். நான் செத்தாலும் அது ஆறாது. அது வேற, இது வேற. எனக்கு ஏதோ குடுத்துட்டுப் போறோம்னு நெனச்சுட்டுப் போகட்டும். எனக்கு அதனால நஷ்டம் ஒண்ணும் இல்ல."

"அப்புறம் ஏன் எல்லாத்தையும் வேணாம் வேணாம்னு அடிச்சே?"

"வண்டி வித்த காசு அது. அதையும் பூவுலயும் சோத்துலயும் விட்டா, கடைசியில அவரைப் பாத்துக்க ஒரு நர்ஸ் வெக்கக் காசு வேணாமா? நீ கடைக்குப் போவே, நான் இங்க வருவேன். பகல்ல பக்கத்துல யார் இருப்பா?"

மூத்தவள் விரிப்பின் முனையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போட்டோவாவது இருக்கட்டும்மா," என்றாள் கடைசியில். "அவருக்கு அதுல ரொம்ப ஆசை."

"போட்டோவுல என்னைச் சிரிக்கச் சொல்வாங்க."

"சிரிக்க வேணாம். நில்லு, போதும்."

அம்மா ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, தன் அலமாரியைத் திறந்து பையை எடுத்தாள். உள்ளே கைவிட்டு, ரப்பர் போட்டுக் கட்டிய நோட்டுகளை எடுத்து மகள் கையில் திணித்தாள். "கீழ்க்கூடம் போட்டுடு. இது என் சேமிப்பு. அவர்கிட்ட சொல்லாதே."

"மேலயே போதும்னியே."

"நாற்காலியில தூக்கினா பாதிப் படியில கத்த ஆரம்பிப்பார். குடிச்ச காலத்துச் சத்தத்தை நான் மறுபடி கேக்கணுமா? கீழயே இருக்கட்டும். தானா நடந்து உள்ள வரட்டும்." பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பென்ஷன் விஷயம் உன் வாயிலேருந்து வெளிய வரக் கூடாது. வந்துச்சுன்னா என்னைப் பார்க்க வராதே."

மோதிரத்துக்கு விரலை அளக்க வேண்டும் என்பது சலவைக்கூடத்தின் படி ஏறி வெளியே வந்த பிறகுதான் மூத்தவளுக்கு நினைவு வந்தது. திரும்பிப் போகத் தெம்பில்லை.

பதிவாளர் அலுவலகம் மூடுவதற்குள் ஓடிப்போய்க் கூடத்துக்குப் பணம் கட்டினாள். மேசை அம்மாள் ரசீதைக் கிழித்துக் கொடுத்து, "பெரிய கூட்டமோ?" என்று விசாரித்தாள். "இல்லை, கொஞ்சம் பேர்தான்," என்றாள் மூத்தவள்.

அப்பா காலையில் விட்ட இடத்திலேயே இருந்தார். முகம் மட்டும் மாறியிருந்தது. கன்னத்தில் எங்கிருந்தோ ரத்தம் ஏறியிருந்தது.

"பென்ஷன் ஆபீஸுக்குப் போனியா? என்ன சொன்னான்?"

"எல்லாம் சரியா இருக்காம்பா."

"பாதி வருமா?"

"பாதிக்குக் கொஞ்சம் மேலேயே வரும்னாங்க." முதல் பொய்யைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது தானாகவே வந்தது.

அப்பா கண்ணை மூடி விரல் விட்டு ஏதோ கூட்டினார். "அப்போ வீட்டு வாடகை போக மிச்சமே இருக்கும். அவ அந்தத் தண்ணியில கிடக்க வேணாம். வேலையை விட்டுடலாம்." கண்ணைத் திறந்து, போனை எடுத்து அவளிடம் நீட்டினார். "இதைப் படி. நான் சரியாத்தான் படிச்சேனான்னு பாரு."

மத்தியானம் அவர் தம்பிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். எழுத்துப்பிழையோடு நீளமான செய்தி. எனக்கப்புறம் அம்மாவுக்குப் பென்ஷன் வரும், நீ பணம் அனுப்ப வேண்டாம், உன் பாட்டைப் பார், முடிந்தால் வியாழக்கிழமை வந்து சாட்சிக் கையெழுத்துப் போடு என்று இருந்தது. அதன் கீழே தம்பியின் பதில். ஒரே வார்த்தை. வர்றேன்.

"இத்தனை வருஷத்துல என் போனுக்கு அவன் எழுதின முதல் வார்த்தை," என்றார் அப்பா. "சாப்பாட்டுல அவனையும் சேர்த்துக்கோ. எட்டு பேர்னு சொன்னேன்ல, ஒன்பதாப் போடு."

"போடறேன்ப்பா."

"அவனுக்கு எது பிடிக்கும்னு கூட எனக்குத் தெரியல. நீயே பாத்துச் சொல்லு."

மூத்தவள் எழுந்து வெளியே வந்தாள். டயர்க் கடையில் யாரோ சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். தம்பியும் அப்பாவும் ஒரே கூரையின் கீழ் நிற்பார்களா என்று ஏங்கி அவள் அழுத நாட்கள் உண்டு. இப்போது அது நடக்கப்போகிறது. அதை நடத்திவைப்பது ஒரு பொய்.

தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஆர்டர் நோட்டில் வியாழக்கிழமைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எத்தனை பேர் என்று கேட்ட நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. தம்பி.

"அக்கா, அவர் எழுதினது நிஜமா?"

"எதுடா?"

"பென்ஷன். அம்மா பேருக்கு வருமா? நீ ஆபீஸுக்குப் போய்க் கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

அப்பாவிடம் சொன்ன அதே வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அம்மாவின் எச்சரிக்கையும் காதில் இருந்தது. ஆனால் அந்த மழையில் தன் இடுப்பைக் கட்டிக்கொண்டு பல் கிட்டிப்போய் நின்றவன் இவன். இவனிடம் அவள் இதுவரை எதையும் மறைத்ததில்லை.

"வராதுடா."

லாரியின் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது. அணைத்துவிட்டான் போல.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அம்மாவுக்கு?"

"அம்மாவுக்கு நம்ம எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுமா?" என்றான். குரல் சின்னப் பையனின் குரலாகியிருந்தது. "தெரிஞ்சும் ஏன்க்கா அந்த ஆளோட போய் நிக்கப்போறாங்க?"

"நீயே வந்து கேளு. எனக்குச் சொல்லத் தெரியல."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. போன் துண்டிக்கப்பட்டது. அவள் திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. இன்னொரு தடவையும் எடுக்கவில்லை.

"எத்தனை பேர்னு இன்னும் சொல்லலையே," என்றார் கடைக்காரர்.

"ஒன்பது."

"நிச்சயமா ஒன்பதா? ஆள் குறைஞ்சா காசு திருப்பித் தர முடியாதும்மா. இப்பவே சொல்லிட்டேன்."

"தெரியுங்க," என்றாள் மூத்தவள். உறையைத் திறந்து ஒன்பது பேருக்கும் சேர்த்துப் பணத்தை எண்ணி வைத்தாள்.